கம்பிவழி ஊர் – 9: ஒரு பதிவுக்கு 14 பைட்

ராசிபுரம், திருச்செங்கோடு, பள்ளிபாளையம் பக்கம் ஒரு காலத்தில் கேபிள் டிவி ஒயர் இழுத்தவர்களில் பலர் இன்று பைபர் நெட்டும் கொடுக்கிறார்கள். தறி ஓடும் வீடு, போர்வெல் ரிக் ஆபீஸ், கோழிப்பண்ணை என்று எல்லாத் தரப்பிலும் வாடிக்கையாளர்கள். எல்லோருக்கும் தனித்தனி முகவரி கொடுக்கத்தான் வழியில்லை. ஆசிய-பசிபிக் வட்டாரத்தின் ஐபி முகவரிக் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. ஆகவே ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகள். உள்ளே ஒவ்வொன்றுக்கும் 100.64 போன்ற எண்ணில் தொடங்கும் முகவரி. வெளியே போனால் வீட்டைப் பிரித்துக்காட்டுவது போர்ட் எண்.

சைபர் கிரைம் போலீஸ் கேட்பது இதைத்தான்: இத்தனை மணிக்கு, இந்த முகவரியில், இந்த போர்ட்டில் இருந்தது யார்? உரிமம் வைத்திருப்பவர் இதற்குப் பதில் சொல்லும் பதிவுகளை இரண்டு வருடமாவது காக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2021 டிசம்பரில் விதியைத் திருத்தியது.

சும்மா எழுத்தாக எழுதினால் ஒரு பதிவு இப்படி இருக்கும்: 2024-03-05 21:14:07,203.0.113.45,40213,100.64.18.7. வரி முடிவையும் சேர்த்து 51 பைட். ஆனால் 203.0.113.45 என்பது நான்கே எண்கள், ஒவ்வொன்றும் 255-க்குள். எண்ணுக்கு ஒரு பைட் போதும். நேரத்துக்கு 4, பொது முகவரிக்கு 4, போர்ட்டுக்கு 2, வீட்டு முகவரிக்கு 4. மொத்தம் 14. பைத்தானில் ஸ்ட்ரக்ட் என்ற மாட்யூல் இதை ஒரே வரியில் கட்டிக்கொடுக்கும்.

இடம் மிச்சமாவது நல்லதுதான். ஆனால் அதற்கு ஜிப் போட்டாலே போதுமே என்பீர்கள். சரி, ஆனால் ஜிப் கோப்பின் நடுவில் நினைத்த பதிவுக்கு நேரே குதிக்க முடியாது. எல்லாப் பதிவும் 14 பைட் என்றால், 50 லட்சம் பதிவைத் தாண்ட, 50 லட்சத்தை 14-ஆல் பெருக்கி நேரே அங்கே போய் நிற்கலாம். நேர வரிசையில் அடுக்கி வைத்துப் பாதி பாதியாக ஒதுக்கிக்கொண்டே வந்தால், ஒரு கோடிப் பதிவுக்குள் வேண்டிய நேரத்தை 24 முறை படிப்பதற்குள் பிடித்துவிடலாம். என்னைக் கேட்டால், இப்படிப் பைட்டாகவே எழுதும் பைனரி முறையின் உண்மையான லாபம் இதுதான்.

சறுக்கும் இடங்களும் உண்டு. ஸ்ட்ரக்டுக்குக் கொடுக்கும் வடிவத்தின் தலையில் ஓர் ஆச்சரியக்குறி வேண்டும். அதை விட்டால், நாம் வழக்கமாக வைத்திருக்கும் கணினிகளில் பைட்டுகள் தலைகீழாக விழும். முகவரிகளை நான்கு பைட் முழு எண்ணாகக் கொடுத்திருந்தால், இடையில் இரண்டு வெற்று பைட் நுழைந்து பதிவு 16 ஆகிவிடும். விண்டோஸில் பழைய பேர்ல் ஸ்கிரிப்ட் ஓட்டுபவர்கள் கோப்பைப் பைனரியாக எழுதச் சொல்லும் பின்மோட் கட்டளையைப் போட மறக்கக் கூடாது. மறந்தால், 10 என்ற பைட்டைப் பேர்ல் வரி முடிவு என்று எண்ணி, முன்னால் ஒரு 13-ஐச் செருகும். 10.0.0.5 மாதிரி முகவரி ஒன்று வந்தால் போதும், அதற்குப் பின்னால் உள்ள பதிவெல்லாம் ஒரு பைட் தள்ளிப்போகும்.

நேரத்தில் இன்னும் கவனம் வேண்டும். கோப்பில் இருப்பது 1970 ஜனவரி 1 முதல், கிரீன்விச் கணக்கில் எண்ணிய நொடிகள். வெளிநாட்டு நிறுவனம் போலீசுக்குக் கொடுத்த விவரமும் பெரும்பாலும் அதே கணக்கில் வரும்; நமக்குப் போலீஸ் கடிதம் எழுதுபவர் அதை நம் நேரமாக மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் விட்டிருக்கலாம். ஐந்தரை மணி நேரத்தில் அதே போர்ட் வேறொரு வீட்டுக்குப் போயிருக்கும். எந்த நேரம் என்று கடிதத்தில் தெளிவாக இல்லாவிட்டால், ஸ்கிரிப்டைத் தட்டுவதற்கு முன் போனைப் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.