மண்ணுக்குள் காய்க்கும் மல்லாட்டை

கடலூர் மாவட்டத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். தென் அமெரிக்காவில் பிறந்த இந்தப் பயிர், மணிலா நகரின் பெயரோடு நம்மிடம் வந்தது. மணிலாக்கொட்டை மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டையாகத் தேய்ந்தது.

விருத்தாசலம் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கடலை ரகங்கள் ‘வி.ஆர்.ஐ.’ என்று ஊர்ப் பெயரையே சுமக்கின்றன. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண்ணுக்குப் பழகிய பயிர் இது. சிதம்பரத்தின் களிமண்ணில் நெல் செழிக்கும், மல்லாட்டை திணறும்.

காரணம், அது காய்க்கும் விதம். விதைத்து ஒரு மாதத்துக்குள் மஞ்சள் பூ வரும். பூ வாடியதும் அங்கிருந்து ஊசி போன்ற விழுது கிளம்பி மண்ணைத் துளைத்து இறங்கும். அதன் நுனிதான் காயாகத் திரளும். மண் இறுகியிருந்தால் விழுது இறங்காது.

ஆகவே, சிதம்பரம்வாசிகள் தோட்ட மண்ணோடு மணலும் மக்கிய எருவும் கலந்து மேட்டுப்பாத்தி போடலாம். அகலமான தொட்டியிலும் வளர்க்கலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழிப் பட்டம் வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றது. வறுக்காத கடலையை, சிவப்புத் தோல் உரியாமல் உடைத்து, வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 10 சென்டிமீட்டரும் விட்டு ஊன்றுங்கள்.

40 முதல் 45 நாளில் களை கொத்தி, சதுர மீட்டருக்கு 40 கிராம் ஜிப்சம் இட்டு, மண் அணையுங்கள். காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து காயே நேராக உறிஞ்சிக்கொள்ளும். அது போதாவிட்டால் காய் பொக்காகிவிடும். மண் அணைத்தபிறகு செடியடியைக் கொத்தினால் விழுதுகள் அறுபடும்.

ஏறத்தாழ 105 நாளில் அடியிலைகள் பழுக்கும். ஒரு செடியைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பாருங்கள். ஓட்டின் உட்புறம் கறுத்திருந்தால் முற்றிவிட்டது. தாமதித்தால், ஈரம் பட்ட கொத்து ரகக் கடலை மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். பிடுங்குவதற்கு முந்தைய நாள் தண்ணீர் விட்டால் காய் அறாமல் செடி எளிதில் வரும்.

பச்சைக்காயை அன்றே உப்புப் போட்டு அவித்துவிடுங்கள். மீதியை நன்றாகக் காயவைத்து எடுத்துவையுங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். அதில் உண்டாகும் அஃப்ளடாக்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. பூஞ்சணம் பிடித்ததைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

மண்ணை முதலிலேயே பொலபொலப்பாக்குங்கள். 45 நாளுக்குப் பின் களைக்கொட்டைக் கீழே வையுங்கள். பிடுங்கும் நாளில் பிள்ளைகளையும் பாத்திக்குக் கூப்பிடுங்கள். மல்லாட்டை எங்கே காய்க்கிறது என்பதை அவர்கள் தம் கையாலேயே அறியட்டும்.