ஹெலிகாப்டர் இல்லை, ட்ரோன் இல்லை... அந்தப் படம் எப்படி வந்தது தெரியுமா?

பூடான் என்றதும் கண்முன் வந்து நிற்கும் படம் எது? செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டு, வெள்ளைச் சுவரும் பொன்நிறக் கூரையுமாய் அந்தரத்தில் தொங்குமே, அந்தப் பாரோ தக்சாங்! புலிக்குகைக் கோயில்! கடல்மட்டத்திலிருந்து 3,120 மீட்டர், பாரோ பள்ளத்தாக்கிலிருந்து மட்டும் சுமார் 900 மீட்டர் உயரம். இதைப் படத்தில் பார்ப்பவர்கள் 'ஹெலிகாப்டரில் பறந்து எடுத்திருப்பார்கள்' என்றுதான் நினைப்பார்கள். அதுதான் இல்லை! நடந்துபோய், நின்று எடுத்த படம்!

எப்படி? பைன் மரங்களுக்கு நடுவே இரண்டு, மூன்று மணி நேரம் மூச்சு வாங்க ஏறும் பாதை, நேராகக் கோயிலுக்குப் போவதில்லை. எதிர்ப்பக்க மலைமுனைக்குப் போகிறது. நடுவில் கிடுகிடு பள்ளம். அந்தப் பக்கம் கோயில். நீங்கள் நிற்கும் இடமோ கோயிலைவிடக் கொஞ்சம் உயரம்! அதனால்தான் பறவை பார்ப்பதுபோல் படம் விழுகிறது. ஒரு முழ நீள லென்ஸெல்லாம் தேவையே இல்லை, கைபேசி போதும்.

ஆனால் அந்தக் கைபேசிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, தெரியுமா? சுற்றிலும் கரும்பாறை இருப்பதால் காட்சியே இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தைத் தானே கூட்டிவிடும். வெள்ளைச் சுவர் வெளிறி, ஜன்னல் வேலைப்பாடெல்லாம் காணாமல் போய்விடும்! திரையில் அந்தச் சுவரைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். பாறை கறுத்துப்போகும். போகட்டுமே, அப்போதுதான் கோயில் பளிச்சென்று முன்னால் வரும்.

அங்கிருந்து நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி, 60 மீட்டர் அருவியைப் பாலத்தில் கடந்து, மறுபடி ஏறினால் வாசல். வந்தாயிற்று, இனி சுட்டுத்தள்ளலாம் என்கிறீர்களா? கேமரா, கைபேசி, பை எல்லாவற்றையும் பெட்டகத்தில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்! உலகமே படம் எடுக்கும் கோயிலில் உள்ளே ஒரு படம்கூட எடுக்க முடியாது! என்னைக் கேட்டால், அவ்வளவு தூரம் ஏறியவர்களைத் திரையை விட்டுவிட்டுக் கண்ணால் பார்க்கவைக்க வேறு வழி கிடையாது. ட்ரோன் ஆசையும் வேண்டாம். அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது.

உள்ளே அப்படி என்ன? 8-ஆம் நூற்றாண்டில் குரு பத்மசம்பவர் பெண்புலியின் முதுகில் பறந்துவந்து தவம் செய்ததாகச் சொல்லப்படும் குகை! அதைச் சுற்றி 1692-இல் எழுந்ததுதான் கோயில். ஆனால் நாம் இன்று படம் எடுப்பது பெரும்பாலும் அந்தக் கட்டடமே அல்ல, தெரியுமா? 1998 ஏப்ரல் 19 அன்று பிடித்த தீயில் முக்கியக் கட்டடம் எரிந்துபோனது. பழையபடியே திரும்பக் கட்டி முடித்தது 2005-இல்!

பழைய கோயிலைக் காட்டும் படங்களுக்கு அதனால் தனி மதிப்பு. 1905-இல் பூடான் போன பிரிட்டிஷ் அதிகாரி ஜான் கிளாட் ஒயிட், கனத்த கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமையாட்களைக் கொண்டு தூக்கிச் சென்றவர். ஒரு தகடு உடைந்தால் ஒரு காட்சியே போச்சு! தக்சாங்கையும் அவர் படமெடுத்தார். பூடானின் கோட்டைகளையும் கோயில்களையும் காட்டும் அவருடைய படங்கள் 1914 ஏப்ரல் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் வெளிவந்தன. அதன்பிறகு நடந்ததுதான் கூத்து!

அமெரிக்காவின் டெக்சாஸில், எல் பாசோ நகரத்துச் சுரங்கக் கல்லூரி 1916-இல் தீப்பிடித்தது. புதுக் கட்டடம் எப்படி இருக்கலாம் என்று யோசித்தபோது, கல்லூரித் தலைவரின் மனைவி கேத்லீன் வொரல் அந்த இதழை எடுத்துக் காட்டினார். தங்கள் ஊர் மலையும் பூடான் மலையும் அவருக்கு ஒன்றுபோலத் தெரிந்ததாம்! 1917-இல் எழுந்தன சரிந்த சுவர்களும் அகன்ற கூரைகளுமாய்ப் பூடான் பாணிக் கட்டடங்கள், பாலைவனத்தின் நடுவே! அந்தக் கல்லூரிதான் இன்றைய டெக்சாஸ் பல்கலைக்கழக எல் பாசோ வளாகம். அங்கே இன்றைக்கும் அதே பாணியில்தான் கட்டுகிறார்கள். இதெல்லாம் போதாதென்று, 2008-இல் வாஷிங்டன் விழா ஒன்றுக்காகப் பூடான் கைவினைஞர்கள் கட்டிய அசல் கோயில் ஒன்றும் விழா முடிந்ததும் அந்த வளாகத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது!