நிமோகாக்கசுத் தடுப்பூசியும் நோய்ப்பரவல் கணித மாதிரியும்

குழந்தைகளுக்குப் போடப்படும் தடுப்பூசி ஒரு நாட்டின் நோய் விகிதத்தை எவ்வாறு மாற்றும் என்பதைச் சமன்பாடுகளால் முன்கூட்டியே கணிப்பது நோய்ப்பரவல் மாதிரி எனப்படும். நிமோகாக்கசு போன்ற பாக்டீரியாக்களுக்கு இம்மாதிரியை அமைக்கும்போது நோயாளிகளை மட்டும் எண்ணினால் போதாது. நோயின்றிக் கிருமியைச் சுமப்போரையும் எண்ண வேண்டும்.

கிருமியின் இயல்பு

நிமோகாக்கசு நுரையீரல் அழற்சி, மூளையுறை அழற்சி முதலியவற்றை உண்டாக்கும். ஆயினும் பெரும்பாலும் அது சிறு குழந்தைகளின் மூக்குத் தொண்டைப் பகுதியில் தீங்கின்றிச் சில வாரங்கள் தங்கி, பிறருக்குப் பரவுகிறது. மேலுறையின் வேறுபாட்டால் அதில் 90-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன.

மாதிரியின் அமைப்பு

மக்கள் 'கிருமி இல்லாதோர்', 'கிருமியைச் சுமப்போர்' என இரு பிரிவாகக் கொள்ளப்படுவர். சுமப்பவர் நாளடைவில் முதற்பிரிவுக்குத் திரும்புவார். அவருக்கு மீண்டும் தொற்றலாம். சுமப்போருள் மிகச் சிலரே நோயாளி ஆவர்.

எடுத்துக்காட்டாக, ஒருவர் சராசரியாக 2 பேருக்குக் கிருமியைத் தருவதாகக் கொள்வோம். 1 − 1/2 = 0.5. அதாவது, பாதிப்பேருக்கு மேல் காக்கப்பட்டால் பரவல் தேயும். தடுப்பூசி கிருமி தங்குவதை 60 விழுக்காடே தடுக்குமானால், 0.5 ÷ 0.6 = 0.83, ஏறத்தாழ 83 விழுக்காட்டினருக்கு மேல் அதனைப் போட வேண்டும். இது எளிய கணக்கு. விரிவான மாதிரிகளில் எந்த வயதினர் யாருடன் பழகுகின்றனர் என்பதும் சேர்க்கப்படும்.

அமெரிக்க அனுபவம்

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு 7 வகைகளுக்கு எதிரான தடுப்பூசி குழந்தைகளுக்கு அறிமுகமானது. அவ்வகைகளால் வரும் கடும் நோய் குழந்தைகளிடம் வெகுவாகக் குறைந்தது. ஊசி போடாத முதியோரிடமும் அது குறைந்தது. பேரக்குழந்தையிடம் கிருமி இல்லாதபோது தாத்தா பாட்டிக்கும் அது தொற்றுவதில்லை. இதுவே சமூகத் தடுப்பாற்றல்.

ஆனால் அவ்வேழு வகைகள் விட்டுச்சென்ற இடத்தில் தடுப்பூசியில் சேராத 19ஏ வகை பெருகியது. மொத்த நோய் முன்பைவிடக் குறைவாகவே இருந்தபோதிலும், பயனின் ஒரு பகுதி இதனால் குறைந்தது. 2010-இல் 19ஏ உள்ளிட்ட 13 வகைகளுக்கான தடுப்பூசி வந்தது.

படிப்பினை

ஊசி போட்ட குழந்தைகளை மட்டும் கணக்கிடும் மாதிரி, முதியோர் பெற்ற நன்மையையும் காணாது. புதுவகையின் பெருக்கத்தையும் காணாது. ஆகவே தடுப்பூசித் திட்டம் தொடங்கிய பின்னரும் எந்த வகை பரவுகிறது என்பதைத் தொடர்ந்து கண்காணித்து மாதிரியைத் திருத்துவது இன்றியமையாதது.