பின்னாலிருந்து வரும் சத்தம்

பிரான்சின் லிசியே கார்மேல் மடத்தில், மாலைத் தியானத்தின்போது குழந்தை இயேசுவின் புனித தெரேசாவுக்குப் பின்னால் ஓர் அருள்சகோதரி விடாமல் விநோதமாகச் சத்தம் எழுப்புவார். திரும்பிப் பார்த்தாலே போதும், நின்றுவிடும். ஆனால் அவர் மனம் நோகுமே! தெரேசா திரும்பவில்லை. எரிச்சலை அடக்கியதில் உடலெல்லாம் வியர்த்துவிட்டதாம், புனிதர்தான்! பிறகு அந்தச் சத்தத்தையே இனிய இசைபோலக் கேட்க முயன்று, அதையே செபமாக இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தார். 1897இல் 24 வயதில் இறந்த இவரை, 1997இல் திருச்சபை மறைவல்லுநராக அறிவித்தது.

நம் திருப்பலியில் குழந்தை அழுதால் எத்தனை தலைகள் திரும்புகின்றன! அந்தப் பார்வைக்கு அஞ்சியே கோவிலுக்கு வராத தாய்மார் உண்டு. வரும் ஞாயிறு திரும்பாதீர்கள். அந்தத் தாய்க்காக ஓர் 'அருள்நிறைந்த மரியே' சொல்லுங்கள்.