விரல் படாத விளக்கு

காரின் முகப்பு விளக்குப் பல்பைத் தாமே மாற்றிவிடலாம் என்று எண்ணிப் புதுப் பல்பு ஒன்றை வாங்கி வந்த வாசகர் ஒருவர், அதன் அட்டைப் பெட்டியின் மேல், கண்ணாடியைத் தொடும் விரல்களும் அவற்றின் குறுக்கே ஒரு பெருக்கல் குறியும் அச்சிட்டிருக்கக் கண்டு, இது விஞ்ஞானமா அல்லது பெட்டிக்குப் பெட்டி தொற்றிக்கொண்டு வந்த நம்பிக்கையா என்று கேட்டு எழுதியிருக்கிறார். தம் மெக்கானிக் வெறுங்கையால் மாட்டிய பல்பு குறைவின்றி எரிந்ததென்பதையும், கை பட்ட பல்பு வெடித்துவிடும் என்று நண்பர் ஒருவர் அச்சுறுத்தியதையும் சேர்த்தே எழுதியிருப்பதால், மூவர் பக்கத்தையும் விசாரித்தே விடை சொல்ல வேண்டியிருக்கிறது. பெட்டி சொல்வது உண்மை. மெக்கானிக்கின் அனுபவமும் பொய்யன்று. நண்பர் சொன்னதில்தான் மிகை கலந்திருக்கிறது. ஆனால் இந்தத் தீர்ப்பைவிட, அதற்குக் காரணமாகக் கண்ணாடிக்குள் ஓயாமல் நடந்துகொண்டிருக்கும் ரசாயனமே நெடுநேரம் நின்று பார்க்கத்தக்கது.

நம் நாட்டுச் சிறு கார்கள் பலவற்றில் இருப்பது எச்-4 என்னும் ரகம். ஒரே கண்ணாடிக் குப்பிக்குள் பிரைட்டுக்கு 60 வாட் இழை ஒன்றும், டிம்முக்கு 55 வாட் இழை ஒன்றும், டிம் இழையின் ஒளி கீழ்நோக்கிச் சென்று மேலே சிதறாதபடி அதனடியில் ஒரு சின்னஞ்சிறு தகட்டுக் கிண்ணமும் அதில் அமைந்திருக்கின்றன. முன்பெல்லாம் வீட்டுக் கூரையில் தொங்கிய 60 வாட் குண்டு பல்பின் அருகே இதை வைத்துப் பார்ப்பவருக்கு முதலில் எழ வேண்டிய வினா, ஒரே அளவு சக்தியைச் செலவழிக்கும் இரண்டில் ஒன்று கைகொள்ளாத பருமனிலும் மற்றொன்று விரல் பருமனிலும் இருப்பானேன் என்பதுதான். சிறிய இடத்தில் அடக்க வேண்டும் என்பதற்காக மட்டும் அதைச் சிறிதாக்கவில்லை. சிறிதாக இல்லாவிட்டால் அது வேலையே செய்யாது.

இழையாக அமைந்த டங்ஸ்டன் உருகுவதற்கு 3,422 செல்சியஸ் பாகை உஷ்ணம் வேண்டும். கார் பல்பின் இழையோ ஏறத்தாழ 2,900 பாகையில் ஒளிர்கிறது. உருகுநிலைக்கு அவ்வளவு கீழே இருந்தும், அதன் மேற்பரப்பிலிருந்து அணுக்கள் ஆவியாகிக்கொண்டே இருக்கின்றன. குண்டு பல்பில் அவை குளிர்ந்த கண்ணாடியில் போய்ப் படிந்து கருமையாகத் தங்கிவிடுகின்றன. பழைய பல்பின் உள்ளே புகை படிந்தாற்போல் தெரிவது, இழை நாளுக்கு நாள் இழந்த உடம்பேயன்றி வேறில்லை. இழையை இன்னும் சூடாக்கினால் ஒளி வெண்மையாகும், பிரகாசமும் கூடும். ஆனால் ஆவியாதல் அதைக் காட்டிலும் பன்மடங்கு வேகத்தில் கூடிக் கண்ணாடி கறுக்கும், இழை அறும். பல்பு செய்தவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் முட்டி நின்ற சுவர் இது.

அந்தச் சுவரைக் கடக்க உதவியது, குப்பிக்குள் அடைத்த வாயுவோடு கலந்துவிட்ட, எடை போடவும் அரிதான ஒரு துளி அயோடின் அல்லது புரோமின். இழையை விட்டுக் கிளம்பிய டங்ஸ்டன் அணு கண்ணாடிச் சுவரை நெருங்கும்போது, அங்கே உள்ளே எஞ்சியிருக்கும் இம்மியளவு பிராணவாயுவின் துணையோடு ஹாலஜன் எனப்படும் அந்த அயோடினோ புரோமினோ அதைப் பிடித்துச் சேர்மமாக்கிக்கொள்கிறது. சுவர் சுமார் 250 பாகைக்கு மேல் சூடாக இருக்கும்வரை அந்தச் சேர்மம் சுவரில் படியாமல் ஆவியாகவே அலைந்து, அலைந்தபடியே இழையின் பக்கம் திரும்பி, அங்குள்ள கொடிய உஷ்ணத்தில் உடைந்து, டங்ஸ்டனை இழையில் விட்டுவிட்டு, மறுபடி தனியாகிச் சுவரை நோக்கிப் புறப்படுகிறது.

ஒகேனக்கல் போன்றதோர் ஆற்றுத் துறையில் பரிசல் ஓட்டுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். இக்கரையில் ஓர் ஊர். அதன் வெப்பம் தாங்காமல் ஜனங்கள் ஒவ்வொருவராக அக்கரைக்கு நீந்திப் போய்விடுகிறார்கள். பரிசல்காரர் அங்கே ஒதுங்கியவர்களை ஏற்றி வந்து ஊரில் இறக்கிவிட்டு, வெறும் பரிசலோடு மீண்டும் அக்கரைக்குப் போகிறார்; இந்தக் காரியத்தில் அவர் தேய்வதில்லையாதலால், ஒருவரே ஆயிரம் பேரை மீட்டுவிட முடியும். அக்கரை மணல் சுட்டுக்கொண்டிருக்கும்வரை அங்கே ஒருவரும் குடிசை போட்டுத் தங்கமாட்டார். மணல் குளிர்ந்துபோனாலோ, வந்தவர்கள் அங்கேயே குடியேறுவதோடு, பரிசலையும் கரையில் இழுத்துப் போட்டுவிடுவார்கள். பரிசல்காரர்கள் அளவுக்கு மிஞ்சினாலும் ஆபத்துத்தான். அக்கரையில் ஏற்ற ஆளில்லாதபோது, ஊரின் கோடியில் வெப்பம் குறைந்த தெருக்களில் அமைதியாக வாழ்பவர்களையே பிடித்து ஏற்றத் தொடங்கிவிடுவார்கள். மெய்யான பல்பிலும் ஹாலஜன் மிகுந்துவிட்டால் இழையின் குளிர்ந்த கால்கள் அரிக்கப்பட்டே போகின்றன. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, பரிசல்காரர் எவரையும் அவரவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவதில்லை என்பது. எந்தத் தெரு மிகுதியாகச் சுடுகிறதோ அந்தத் தெருவிலிருந்துதான் ஜனங்கள் வெளியேறுகிறார்கள். திரும்பி வருபவர்களோ சற்றுக் குளிர்ந்த தெருக்களிலேயே இறங்கிக்கொள்கிறார்கள். ஊரின் ஜனத்தொகை குறையவே இல்லை. ஆயினும் ஒரு தெரு மட்டும் மேன்மேலும் வெறிச்சோடி, முடிவில் அந்த இடத்தில் ஊரே இரண்டாகத் துண்டாகிவிடுகிறது.

ஆகவே, ஹாலஜன் பல்பின் இழை தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்கிறது என்று எழுதுவதெல்லாம் பாதி உண்மைதான். மெலிந்த இடத்தை அந்தச் சுழற்சி ஆற்றுவதில்லை. அது செய்யும் பேருபகாரம் கண்ணாடியைக் கடைசி நாள்வரை தெளிவாக வைத்திருப்பது. கண்ணாடி கறுக்காது என்ற உறுதி கிடைத்ததும், குப்பியை இழைக்கு மிக அருகே, மிகச் சிறிதாகச் செய்ய முடிந்தது. அப்படிச் செய்ததால் சுவர் வேண்டிய சூட்டில் தானே நின்றது. சிறிய குப்பி வலிமையுடையதாதலால் கிரிப்டான், ஆர்கான் போன்ற கனத்த வாயுக்களை வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பல மடங்கு அழுத்தத்தில் அடைக்க முடிந்தது. அந்த அழுத்தமே இழையை விட்டுக் கிளம்பும் அணுவை மறித்துத் தள்ளி ஆயுளை நீட்டிக்கிறது. காரணம் காரியமாகவும், காரியம் மறுபடி காரணமாகவும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இந்த ஏற்பாட்டைக் காட்டிலும் அழகானதொன்றைச் சில நூறு ரூபாய்ப் பொருள் வேறெதிலும் நான் கண்டதில்லை. விரல் பருமனின் ரகசியமும் இதுவே.

சரித்திரம் வேண்டுவோருக்கு இவ்வளவு போதும். 1913-இல் அமெரிக்காவில் இர்விங் லாங்மியூர் பல்புக்குள் மந்த வாயுவை அடைத்து ஆவியாதலை முதலில் தணித்தார். 1959-இல் ஜெனரல் எலக்ட்ரிக்கைச் சேர்ந்த எல்மர் ஃப்ரிட்ரிக்கும் எம்மட் வைலியும் அயோடின் பல்புக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1962-இல் ஐரோப்பியக் கார்களுக்கு ஒற்றை இழையுள்ள எச்-1 வந்தது, 1971-இல் இரட்டை இழையுள்ள எச்-4 வந்தது. அயோடின் ஆவிக்குச் செவ்வூதா நிறமிருந்து ஒளியில் ஒரு பகுதியை விழுங்கியபடியால், பிற்காலத்தில் புரோமின் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இனி விரலின் கதைக்கு வருவோம். இத்தனை சூட்டையும் அழுத்தத்தையும் சாதாரணக் கண்ணாடி தாங்காதாகையால், குப்பியைக் குவார்ட்ஸாலோ அதற்கு ஈடான உறுதிக் கண்ணாடியாலோ செய்கிறார்கள். குவார்ட்ஸ் என்று இங்கே சொல்வது, தூய சிலிக்கா உருகி, ஒழுங்காக அடுக்கிக்கொள்ள அவகாசமின்றி உறைந்த கண்ணாடி. அதன் அணுக்களுக்குள் ஸ்படிகமாக ஒழுங்குபட வேண்டுமென்ற நாட்டம் எப்போதும் உறங்கிக் கிடக்கிறது. நம் வியர்வையில் உப்பும், உப்பில் சோடியமும் உண்டு. சூடேறிய சுவரில் சோடியம் அணு புகுந்தால், சிலிக்காவின் பின்னலை ஆங்காங்கே அவிழ்த்து, அணுக்கள் நகர்ந்து அடுக்கிக்கொள்ள வழி செய்துவிடுகிறது. கண்ணாடியின் அந்தப் பகுதி வெண்மை பூத்துக் கிறிஸ்டோபலைட் என்னும் ஸ்படிகமாக மாறுகிறது. விளக்கை அணைத்ததும் அது குளிர்ந்து, 270 முதல் 200 பாகைக்குள் ஓரிடத்தில் சட்டென்று சுருங்குகிறது. சுற்றியுள்ள குவார்ட்ஸோ அநேகமாகச் சுருங்குவதே இல்லை. ஒட்டியிருக்கும் இரண்டில் ஒன்று சுருங்கி மற்றொன்று நின்றால் விரிசல் விழாமல் வேறென்ன ஆகும்? வியர்வையோடு வரும் எண்ணெய்ப் பசையும் கருகி, அந்த இடத்தை மட்டும் மேலும் சூடாக்கி, இதற்குத் துணை செய்கிறது.

ஆயினும், இந்த மாற்றம் ஆயிரம் பாகையை ஒட்டிய உஷ்ணத்தில்தான் விரைவாக நடக்கும். சினிமா ஸ்டூடியோ விளக்குகளிலும் பழைய புரொஜெக்டர் பல்புகளிலும் அது மெய்யான அபாயம். கார் பல்பின் சுவர் சில நூறு பாகையோடு நின்றுவிடுவதால், இங்கே அது மிக மெதுவாகவே நடக்கும். மெக்கானிக்கின் கை பட்ட பல்பு எரிந்ததற்குக் காரணம் இதுதான். கை பட்டுவிட்டதென்று பல்பை வீசி எறிய வேண்டியதில்லை. ஸ்பிரிட்டில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, உலரவிட்டு மாட்டினால் போதும். ஆனால் உள்ளே அழுத்தம் நிறைந்த குப்பியாதலால், கீறல் விழுந்த பல்பை மட்டும் எக்காரணத்தாலும் மாட்டக் கூடாது.

மாற்றும் வேலை எளியது. எஞ்சினையும் விளக்கையும் அணைத்து, பல்பு நன்றாக ஆறும்வரை காத்திருந்து, பானட்டைத் திறந்து, ஹெட்லைட்டின் முதுகில் மூன்று பின்களில் செருகியிருக்கும் கப்ளரை, ஒயரைப் பிடிக்காமல் அதன் உடம்பையே பிடித்து இழுக்க வேண்டும்; பிறகு ரப்பர் மூடியை உரித்து, கம்பிக் கிளிப்பை அழுத்தி விலக்கினால் பல்பு கையோடு வந்துவிடும். புதியதை உலோக அடிப்பாகத்தில் பிடித்துச் செருகுங்கள்; அதன் விளிம்பில் உள்ள மூன்று காதுகளில் ஒன்று மட்டும் அகலமாக இருப்பதால் தலைகீழாக உட்காராது, உட்காராததை அழுத்தி உட்கார்த்தவும் கூடாது. ரப்பர் மூடியைச் சுற்றிலும் விரலோட்டி இறுகப் பொருத்துங்கள். அதில் இடைவெளி இருந்தால் மழைக்காலத்து ஈரம் உள்ளே புகுந்து, டூம் என்னும் குழிவாடியின் பளபளப்பையே கெடுத்துவிடும். கப்ளரின் பிளாஸ்டிக் பழுத்தோ உருகியோ இருந்தால் அதையும் மாற்றிவிடுவது நல்லது. அங்கே ஒரு வோல்ட் வீணானால் பல்பின் ஒளியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போய்விடுகிறது என்பதால், மங்கலுக்குப் பல்பே காரணமென்று முடிவு கட்டுவது பல சமயங்களில் தவறு.

மின்னழுத்தத்துக்கும் ஒளிக்கும் உள்ள இந்த உறவே விளம்பரங்களை எடைபோடும் தராசும் ஆகும். ஐந்து சதவீதம் மின்னழுத்தம் கூடினால் ஒளி பதினெட்டுச் சதவீதம் போலக் கூடும். ஆயுளோ ஏறக்குறைய பாதியாகும். நூறு சதவீதம், நூற்றைம்பது சதவீதம் அதிக வெளிச்சம் என்று பெட்டியில் கண்டால், பல்பு அத்தனை மடங்கு ஒளி தருகிறதென்று நம்பிவிடாதீர்கள். சர்வதேச விதிப்படி எச்-4 பல்பின் மொத்த ஒளி, சோதனை மின்னழுத்தமான 13.2 வோல்ட்டில், பிரைட்டில் 1,650 லூமனையும் டிம்மில் 1,000 லூமனையும் விட்டுப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. இழையை இன்னும் நெருக்கமாகச் சுற்றி, இன்னும் சூடாக எரித்து, சாலையில் ஏதோ ஒரு புள்ளியில் விழும் ஒளியை, சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்தோடு ஒப்பிட்டு எடுத்த எண் அது; அந்தப் பெருமைக்கு இழையின் ஆயுள்தான் விலை. நீலப் பூச்சுள்ள பல்போ, வெண்மையாகத் தோன்றுவதற்காக உண்டான ஒளியையே வடிகட்டிக் குறைக்கிறது. 100/90 வாட் பல்பு இன்னும் மோசம்: ஐந்து ஆம்பியருக்கென்று போட்ட ஒயரில் எட்டு ஆம்பியருக்கு மேல் பாய, கப்ளரின் தொடுமுனையில் எழும் சூடு கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. ஹாலஜனுக்கென்று செய்த டூமில் எல்.இ.டி. பல்பைச் செருகுவதையும் நான் ஆதரிக்க மாட்டேன். மெல்லிய இழை எந்த இடத்தில் நிற்கும் என்று கணக்கிட்டே அந்தக் குழிவாடியை வளைத்திருக்கிறார்கள், பட்டைத் தகட்டின் இரு முகங்களிலும் ஒட்டிய சில்லுகளிலிருந்து வரும் ஒளியை அது அறியாது. பெரும்பாலும் விளைவது எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும் சிதறல்தான்.

வாசகருக்கு என் யோசனை இது. வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்த, 60/55 வாட் சாதாரணப் பல்புகள் இரண்டை வாங்குங்கள். ஒரே நாளில் பிறந்து ஒரே அளவு எரிந்தவையாதலால், ஒன்று போனால் மற்றதும் வெகு நாள் நிற்காது. முன்பக்கக் கண்ணாடி என்று நாம் சொல்லும் பாலிகார்பனேட் மூடி வெயிலில் மஞ்சளித்துப் போயிருந்தால், அதையும் மெருகு போடச் செய்யுங்கள். மாட்டி முடித்ததும் காரை ஒரு சுவருக்கு எதிரே சமதரையில் நிறுத்தி, டிம்மில் விழும் வெளிச்சத்தின் மேல் விளிம்பு ஹெட்லைட்டின் உயரத்துக்குச் சற்றுக் கீழேயே நிற்கிறதா என்று பார்த்து, உயர்ந்திருந்தால் திருகைச் சரிசெய்த பிறகே அன்றிரவு சாலைக்கு எடுத்துச் செல்லுங்கள்.