உங்களுக்குத் தெரியுமா? கோடையில் உறையும் வானம்!

பூமியின் காற்றுமண்டலத்திலேயே மிகக் குளிர்ந்த இடம் துருவப் பகுதிக்கு மேலே இருக்கிறது. அதுவும் சூரியன் மறையாத நடுக்கோடையில்! சுமார் 88 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 140 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிவிடும். குளிர்காலத்தில் அதே இடம் இதைவிட வெதுவெதுப்பு. கீழிருந்து எழும் காற்றலைகள் அந்த உயரத்தில் உடைந்து சிதறும்போது, கோடைத் துருவத்தின் காற்று மேலே இழுக்கப்படுகிறது. ஏற ஏற விரிகிறது. விரிய விரியக் குளிர்கிறது.

ஆராய்வதற்குத் தொல்லை பிடித்த உயரம் இது. பலூன் எட்டாது, செயற்கைக்கோள் சுற்றிவரக் காற்று விடாது. நேரில் அளக்க ராக்கெட்தான் வழி, அதுவும் சில நிமிடங்களுக்கே. நார்வேயின் ஆண்டோயா தீவிலிருந்து 1962 முதல் ஆய்வு ராக்கெட்டுகள் பறக்கின்றன. சிலவற்றில் போவது வெறும் பந்து! உயரே சென்றதும் ஒரு மீட்டர் விட்டத்துக்கு ஊதிப் பெருத்து, விழத் தொடங்கும். அதன் வேகம் குறைவதை ரேடாரில் பின்தொடர்ந்தே காற்றின் அடர்த்தியையும், அதிலிருந்து வெப்பநிலையையும் கணக்கிட்டுவிடுகிறார்கள்.

ராக்கெட்டை ஏவ நல்ல நேரம் பார்ப்பதும் ரேடார்தான். 80 முதல் 90 கி.மீ. உயரத்தில் மின்னூட்டம் பெற்ற நுண் பனித்துகள்கள் இருந்தால், ரேடார் அலைகள் மிக வலுவாக எதிரொலிக்கும். துகள்கள் பெரிதானால் வெள்ளி நீலத்தில் மின்னும் இரவொளி மேகங்களாகக் கண்ணுக்கே தெரியும். ஆனால், ஆண்டோயாவில் நடுக்கோடையில் இருட்டே கிடையாதே! அங்கே அவற்றைக் கண்டுபிடிக்க லேசர் கதிர் வேண்டும். தெற்கே ஸ்டாக்ஹோம் பக்கம் இருப்பவர்கள் செலவில்லாமல் வெறுங்கண்ணால் ரசிக்கிறார்கள்.