கம்பி அறுந்த நேரத்தில் ஒலிக்கும் குரல்

மைசூர் மைன்ஸ் என்று நம் முன்னோர் அழைத்த கோலார் தங்க வயலில், செய்தி போய்ச் சேர்வது உயிரோடு தொடர்புடைய காரியமாக இருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. கூண்டை இழுக்க வேண்டுமா, நிறுத்த வேண்டுமா என்பதைக் கீழே நிற்பவர் மணியோசையின் எண்ணிக்கையால் மேலே இயந்திரத்தை இயக்குபவருக்கு உணர்த்தினார். எண்ணிக்கை பிழைத்தால் ஆளுக்கே ஆபத்து. பாறை வெடிப்பில் கம்பித் தொடர்பு அறுந்துவிட்டால், உள்ளே அகப்பட்டோரின் நிலையை மேலே காத்திருப்போர் அறிய வழியில்லை. சாதாரண வானொலி அலைகள் அத்தனை கனமான பாறையை ஊடுருவ மாட்டா. (காஸ்மிக் கதிர்களைத் தடுக்கும் அந்தப் பாறையை நம்பியே 1965-இல் விஞ்ஞானிகள் இங்கு நியூட்ரினோ ஆய்வு நடத்தி வெற்றி கண்டனர் என்பது தனிக் கதை.)

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு, ஜனவரி 26 காலையில், குஜராத்தின் பூஜ் நகரைப் பூகம்பம் தகர்த்திருந்தது. தொலைபேசி இணைப்புகள் அற்றுப்போன அந்நகருக்குத் தம் சொந்தக் கருவிகளைச் சுமந்து சென்றோர் சிலர் உண்டு. அவர்கள் அரசு ஊழியர் அல்லர். ஊதியம் பெறுவோரும் அல்லர். 'ஹாம்' என்று அறியப்படும் அமெச்சூர் வானொலி இயக்குநர்கள் அவர்கள். பொழுதுபோக்காகவே இதைக் கற்றவர்கள். ஆனால் தேர்வெழுதி, மத்திய அரசின் உரிமம் பெற்று, தமக்கென ஓர் அழைப்புக் குறியீடு கொண்டவர்கள்.

இவர்களுடைய பணியின் அருமையை விளங்கிக்கொள்ள அந்தமானைக் காட்டிலும் சிறந்த சான்றை நாம் அறியோம். அத்தீவுகளில் அமெச்சூர் வானொலிக்குப் பல்லாண்டுகளாக அனுமதி வழங்கப்படவில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த திருமதி பாரதி பிரசாத் நெடுங்காலம் விடாது முயன்று அனுமதி பெற்று, 2004 டிசம்பரில் குழுவினருடன் போர்ட் பிளேர் சென்றார். உலகெங்கும் உள்ள ஹாம் அன்பர்களுக்கு அரிய தீவொன்றுடன் பேசும் வாய்ப்பை அளிப்பதே பயணத்தின் நோக்கம். ஆயிரக்கணக்கான நிலையங்களுடன் அவர்கள் உரையாடிக்கொண்டிருந்தனர். டிசம்பர் 26 காலை ஏறத்தாழ ஆறரை மணிக்கு நிலம் அதிர்ந்தது; பின் கடல் எழுந்தது.

விளையாட்டாய்த் தொடங்கிய நிலையம் அன்றே மீட்புப் பணிக்கு மாறியது. தீவுகளை விட்டுச் செய்தி வெளியேறும் வழிகளுள் முதன்மையான ஒன்றாக அக்குழுவின் கருவிகள் அமைந்தன. துணை ஆணையர் அலுவலகத்தில் ஒரு நிலையம் நிறுவப்பட்டது. குழுவினருள் சிலர், பேரழிவுக்கு உள்ளான கார் நிக்கோபார் தீவுக்கே கருவியுடன் சென்றனர். தீவிலுள்ள உறவினர் உயிருடன் உள்ளனரா என்ற கேள்விகள் இங்கிருந்து சென்றன. 'நலமாயிருக்கிறோம்' என்ற இரண்டு சொற்கள் அங்கிருந்து வந்தன. அந்தமானில் தமிழ்க் குடும்பங்கள் மிகுதி என்பதை நாம் நினைவுகூர வேண்டும்.

கைப்பேசி ஓய்ந்தபின் இக்கருவி மட்டும் எவ்வாறு பேசுகிறது? கைப்பேசிக்குக் கோபுரம் வேண்டும், கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும், கோபுரத்தை இணைக்கும் கம்பியோ அலைவரிசையோ வேண்டும். இவற்றுள் ஒன்று அறுந்தாலும் பேச்சு நின்றுவிடும். ஹாம் நிலையத்துக்கு இடையில் எவரும் தேவையில்லை. கார் பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரமும், இரு மரங்களுக்கிடையே கட்டிய ஏறத்தாழ 20 மீட்டர் நீளச் செப்புக் கம்பியும் போதும். சிற்றலை வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கும். அருகிலுள்ள தெருக்களுக்குக் கைக்குள் அடங்கும் சிறு கருவியே போதுமானது.

வங்கியாளர் என்ற முறையில் நம்மைக் கவர்ந்தது கருவியன்று. அவர்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு. அவசரச் செய்தி ஒவ்வொன்றுக்கும் வரிசை எண், நேரம், அனுப்புநர், பெறுநர், சொற்களின் எண்ணிக்கை ஆகியவை குறிக்கப்படுகின்றன. பெறுபவர் சொற்களை எண்ணி ஒப்பிடுகிறார். பெயரும் எண்ணும் ஐயமாயிருப்பின் எழுத்தெழுத்தாகத் திரும்பச் சொல்கிறார். யாவும் பதிவேட்டில் ஏறுகின்றன. தந்தி வழிப் பணம் அனுப்பிய காலத்தில், தொகைக்கும் தேதிக்கும் ஏற்ப ரகசிய எண் கணக்கிட்டுச் சரிபார்த்த மூத்த அலுவலர்கள் இதை எளிதில் இனங்காண்பர். 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுபோயிற்று. அந்தக் கவனம் இவர்களிடம் எஞ்சியிருக்கிறது.

ஒரு வேறுபாடு உண்டு. ஹாம் இயக்குநர் ரகசியக் குறியீட்டில் பேசக் கூடாது. வணிகச் செய்தி அனுப்பவும் கூடாது. கூலி பெறவும் கூடாது. ஆகவே நம் கிளையின் இணைப்பு அறுந்தால் அவர்கள் வந்து நம் கணக்கை நேர்செய்ய இயலாது. இது நியாயமான விதி என்றே கருதுகிறோம். பிறருடைய செய்திகளைக் கொண்டுசெல்வதும் பேரிடர் போன்ற சமயங்களில், அதிகாரிகளின் வேண்டுகோளின் பேரிலேயே நடைபெறுகிறது. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது கைப்பேசிகள் ஓய்ந்தன, ஏ.டி.எம்.கள் பல பணம் தரவில்லை. கையில் சிறிது ரொக்கமும், தாளில் எழுதிய முக்கியத் தொலைபேசி எண்களும் வைத்திருந்தோர் அன்று சற்று நிம்மதியாக இருந்தனர். அப்போதும் ஹாம் இயக்குநர்கள் களத்தில் இருந்தனர்.

இக்கலைக்கு நம் ஊரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரு நெடுங்காலமாகவே ஒரு நல்ல இருப்பிடம். அங்குள்ள பெங்களூரு அமெச்சூர் ரேடியோ கிளப் 1959-இல் தொடங்கியது. மாரிக்குப்பத்திலிருந்து நாள்தோறும் ரயிலேறி அந்நகருக்கு வேலைக்குச் செல்லும் நம் இளைஞர்களுள் மின்னணுவியல் அறிந்தோர் பலர். அவர்களுக்கு இத்தேர்வு கடினமன்று என்பது நம் எண்ணம்.

உரிமம் பெற 12 வயது நிறைந்திருந்தால் போதும். தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் இரு நிலைகள் உள்ளன. கட்டுப்படுத்தப்பட்ட நிலைக்கு அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும் மட்டுமே பாடம். பொது நிலைக்கு, இவற்றுடன் மோர்ஸ் குறியீட்டை நிமிடத்துக்கு 8 சொற்கள் வேகத்தில் அனுப்பவும் பெறவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே நெடுங்கால நடைமுறை. விண்ணப்பத்தைத் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்தில் பதிவு செய்யலாம்.